அந்த பிரைட்னஸைப் பூட்டாதீர்கள்: மானிட்டர் தயாரிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மானிட்டர் நிறுவனங்களில் மெனுவை வடிவமைப்பவர்களுக்கும், பேனலைத் தேர்ந்தெடுப்பவர்களுக்கும், பெட்டியின் மேல் எந்த எண்ணை அச்சடிப்பது என்று முடிவு செய்பவர்களுக்கும்,

வணக்கம்.

இந்த மடலை எழுத வைத்தது சாம்பல் நிறத்தில் மங்கிக் கிடக்கும் ஒரு வரி. புதிதாக வாங்கிய மானிட்டரின் மெனுவைத் திறந்து நிறங்களுக்கான பொதுத் தரத்தின் பெயரைத் தாங்கிய ‘எஸ்ஆர்ஜிபி’ என்ற மோடைத் தேர்ந்தெடுத்தேன். திரையில் இருந்த படத்தில் அதுவரை செம்பருத்திப் பூவாய்ச் சிவந்திருந்த முகம், சட்டென்று மனித முகமாக மாறியது. அப்பாடா என்று பிரைட்னஸைக் குறைக்கப் போனால் அந்த வரி மங்கியிருக்கிறது. அம்புக்குறி அதன் மேல் நிற்கவே மாட்டேன் என்று தாண்டிப் போகிறது. கான்ட்ராஸ்ட், கலர் டெம்பரேச்சர் எல்லாமே அப்படித்தான். நிறம் சரியாக வேண்டுமா, வெளிச்சம் சரியாக வேண்டுமா, ஏதாவது ஒன்றைச் சொல் என்று கேட்கிறது உங்கள் மெனு.

நான் புகைப்படங்களைத் திருத்தி அச்சுக்கு அனுப்பிப் பிழைக்கிற ஆள். என் மேசையில் மானிட்டருக்கு இருக்கும் வேலை தராசின் வேலை. தராசு செய்து விற்பவர் முள்ளை ஓரிடத்தில் ஒட்டிவைத்துவிட்டு, ‘ஆலையிலேயே சரிபார்த்துவிட்டோம், நீங்கள் தொட வேண்டாம்’ என்று சொன்னால் யாராவது வாங்குவார்களா? நாங்கள் வாங்கிக்கொண்டிருக்கிறோம்.

வெளிச்சத்துக்கு ஏன் இவ்வளவு அலட்டல் என்று நினைப்பீர்கள். பல வருடங்களுக்கு முன்னால், பொழுது சாயும் நேரத்தில் மரத்தடியில் எடுத்த ஒரு முதியவரின் படத்தைத் திருத்தினேன். திரையில் அவர் கண்ணின் ஈரம்கூடத் தெரிந்தது. நிழல் இன்னும் கொஞ்சம் அழுத்தமாக இருக்கட்டுமே என்று இறக்கினேன். பிரிண்ட் வந்தபோது கண்ணையே காணோம். புருவத்துக்குக் கீழே கரி பூசிய மாதிரி இருந்தது. லேப்காரரோடு சண்டை போட்டேன். ‘உங்க ஃபைலே இருட்டாத்தான் இருக்கு’ என்றார். நம்பாமல் இன்னொரு லேபில் கொடுத்தேன். அங்கேயும் அதே கரி. மூன்றாவது தடவை காசைத் தொலைப்பதற்கு முன்னால், திரையின் ஒளியையும் நிறத்தையும் அளக்கும் கலரிமீட்டரை நண்பர் ஒருவரிடம் இரவல் வாங்கி என் திரையை அளந்து பார்த்தேன். ஒளிர்வு சதுர மீட்டருக்கு 310 கேண்டெலா. பெட்டியிலிருந்து எடுத்து வைத்த நாள் முதல் நான் அந்த பிரைட்னஸைத் தொட்டதே இல்லை. லேப்காரரிடம் மன்னிப்புக் கேட்டேன். அது வேறு கதை.

தாள் தானாக ஒளிராது. அறையில் இருக்கும் வெளிச்சத்தைத்தான் திருப்பி அனுப்பும். அச்சுப் பிரதிகளைச் சாதாரணமாகப் பார்த்து மதிப்பிடுவதற்கு ஐஎஸ்ஓ 3664 என்ற தரம் சொல்லும் வெளிச்சம் 500 லக்ஸ். அந்த வெளிச்சத்தில் நல்ல வெள்ளைத் தாளின் ஒளிர்வு ஏறத்தாழ 140 கேண்டெலா. வீட்டுக் கூடத்திலோ அலுவலகத்திலோ சுவரில் மாட்டிய படத்துக்கு அதில் பாதி கிடைத்தாலே அதிகம். அதனால்தான் அச்சுக்கு வேலை செய்பவர்கள் திரையை 80 முதல் 120 கேண்டெலாவுக்குள் வைத்துக்கொள்கிறார்கள். 310-இல் உட்கார்ந்துகொண்டு நிழலை இறக்குகிறவன், உச்சி வெயிலில் நின்றுகொண்டு ‘உள்ளே விளக்கு போதுமா’ என்று தீர்ப்புச் சொல்கிறவன் மாதிரி.

நீங்கள் எந்தப் பெயரை அந்த மோடுக்கு வைத்திருக்கிறீர்களோ, அந்தப் பெயருக்கு உரிய தரத்தையே எடுத்துப் பாருங்கள். எஸ்ஆர்ஜிபியை 1996-இல் ஹியூலெட்-பேக்கர்டும் மைக்ரோசாஃப்டும் சேர்ந்து முன்மொழிந்தன. 1999-இல் அது ஐஇசி 61966-2-1 என்ற சர்வதேசத் தரமானது. சிவப்பு, பச்சை, நீலம் எவை, வெள்ளை எது, கறுப்பிலிருந்து வெள்ளைக்கு ஏறும் வளைவு எப்படிப்பட்டது என்பதோடு அது நிற்கவில்லை. திரை எவ்வளவு ஒளிர வேண்டும் என்றும் எழுதியிருக்கிறது: 80 கேண்டெலா. சுற்றியிருக்கும் அறை வெளிச்சம்கூட அதில் உண்டு, 64 லக்ஸ். அன்றைய குழாய்த் திரைகளை மனத்தில் வைத்து எழுதிய எண் அது. இன்றைக்கு அது கொஞ்சம் குறைவு என்று நானே சொல்வேன். 100, 110 என் கண்ணுக்கும் என் அறைக்கும் ஒத்துவருகிறது. ஆனால் என் மானிட்டரின் எஸ்ஆர்ஜிபி மோட் 220-இல் உறைந்து நிற்கிறது. எந்தத் தரத்தின் பெயரைத் தாங்கியிருக்கிறதோ, அந்தத் தரம் சொல்லும் வெளிச்சத்துக்கு இறங்க அந்த மோடுக்கே வழி இல்லை.

ஏன் பூட்டுகிறீர்கள் என்று யோசித்துப் பார்த்தேன். ஆலையில் அளந்த நிலையை வாங்கியவர் மாற்றிவிட்டால் பெட்டியில் வைத்த அறிக்கை பொய்யாகிவிடுமே என்ற பயமாக இருக்கலாம். திரை காட்டக்கூடிய நிறங்களின் எல்லையைப் பூட்டுங்கள், கறுப்பிலிருந்து வெள்ளைக்கு ஏறும் காமா வளைவைப் பூட்டுங்கள், புரிகிறது. பேனலுக்குப் பின்னால் எரியும் பேக்லைட்டின் ஒளியைக் கூட்டிக் குறைப்பதால் மட்டும் வெள்ளையின் நிறம் பெரிதாக ஓடிவிடாது. கொஞ்சம் நகர்ந்தாலும் அதைப் பார்த்துக்கொள்ள எங்களிடம் கருவி இருக்கிறது.

‘அந்த மோட் பிடிக்கவில்லை என்றால் வெளியே வாருங்கள்’ என்பீர்கள். வெளியே வந்தால் என்ன ஆகிறது என்றும் சொல்கிறேன். இன்றைய பேனல்கள் பல எஸ்ஆர்ஜிபியைவிட அகன்ற நிற எல்லை கொண்டவை. பி3, அடோபி ஆர்ஜிபி என்ற பெரிய நிற எல்லைகளின் அளவுக்குப் போகின்றவை. நல்ல விஷயம்தான், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் 255, 0, 0 என்ற எண் ‘முழுச் சிவப்பு’ என்று சொல்கிறதே தவிர, எந்தச் சிவப்பு என்று சொல்வதில்லை. திரையின் நிறம் எப்படிப்பட்டது என்று எழுதிவைத்த கோப்பான புரொஃபைலைப் படிக்கத் தெரிந்த மென்பொருள் அதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு மாற்றிக் காட்டும். படிக்கத் தெரியாத மென்பொருள் அந்த எண்ணை அப்படியே பேனலிடம் வீசும். பேனல் தன்னிடம் இருப்பதிலேயே ஆகச் சிவந்த சிவப்பைக் காட்டும். அதனால் எடிட்டிங் மென்பொருளில் சாதுவாக இருக்கும் அதே படம், ஃபோல்டரைத் திறந்து பார்க்கும் இடத்தில் காய்ச்சல் வந்த முகமாய்த் தெரிகிறது. வாடிக்கையாளர் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துவிட்டு ‘இதுல ஒண்ணு, அதுல ஒண்ணா இருக்கே, எது சரி?’ என்று கேட்டால், ஐசிசி என்ற சர்வதேச நிறக் கூட்டமைப்பின் வரலாறு எல்லாம் சொல்லிக்கொண்டிருக்க முடியுமா? 1993-இல் எட்டு நிறுவனங்கள் கூடி அந்தக் கூட்டமைப்பைத் தொடங்கியதே, ஒரு கருவி இன்னொரு கருவியிடம் ‘என் சிவப்பு இது’ என்று சொல்ல ஒரு பொதுமொழி வேண்டும் என்பதற்காகத்தான். இத்தனை வருடம் கழித்தும் அந்த மொழி தெரியாத மென்பொருள்கள் புழங்குகின்றன. அது உங்கள் குற்றம் இல்லை. அதுவரைக்கும் ஒண்டிக்கொள்ள எஸ்ஆர்ஜிபி மோட் ஒரு நல்ல கூரை. அந்தக் கூரைக்குக் கீழே விளக்கைக் குறைக்க விடுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

எங்கள் பக்கம் நடப்பது என்ன என்று உங்களில் மெனு எழுதுபவர்கள் ஒரு தடவையாவது பார்க்க வேண்டும். திரையைப் போட்டு அரை மணி நேரம் சூடேற விடுவோம். டைனமிக் கான்ட்ராஸ்ட், கண் பாதுகாப்பு, அறை வெளிச்சத்தைப் பார்த்துத் தானாக மாறும் சென்சார், எல்லாவற்றையும் தேடித் தேடி அணைப்போம். இதில் ஒன்று மறந்துபோனாலும் எல்லாம் வீண். கறுப்புக் கட்டம் வரும்போது திரை தானாக மங்கும், கருவி ஏமாந்துபோகும். அப்புறம் விளக்கை அணைத்துவிட்டு, திரையைக் கொஞ்சம் பின்னால் சாய்த்து, கலரிமீட்டரைத் திரையின் நடுவில் படுக்கவைத்து, அதன் வயரில் இருக்கும் எடைக்கட்டியைத் திரைக்குப் பின்னால் தொங்கவிடுவோம். மென்பொருள் ஒவ்வொரு நிறமாகக் கட்டம் காட்டும். கருவி ஒவ்வொன்றையும் அளக்கும். நூற்றுக்கணக்கான கட்டங்கள். இருட்டில் தேநீர்கூட இல்லாமல் உட்கார்ந்திருக்க வேண்டும்.

இங்கே எங்கள் ஆட்களே குழப்பிக்கொள்கிற ஒரு விஷயம் உண்டு. கேலிபரேஷன் என்பது திரையைத் திருத்துவது. புரொஃபைல் என்பது, திருத்திய பிறகும் திரை எப்படி இருக்கிறது என்று எழுதி வைப்பது. கடிகாரத்தின் முள்ளைச் சரியாக வைப்பது ஒன்று. ‘இது நாளுக்கு மூன்று நிமிடம் முந்தும்’ என்று அதன் மேல் சீட்டு ஒட்டி வைப்பது இன்னொன்று. முள்ளைத் திருகும் திருகாணி உங்கள் மெனுவில் இருக்கிறது. அதைத்தான் பூட்டிவிடுகிறீர்கள்.

பூட்டினால் என்ன, கணினியிலேயே திருத்திக்கொள்ளலாமே? திருத்தலாம். விலை என்ன என்று பாருங்கள். என் திரையில் ‘6500’ என்று எழுதியிருந்த அமைப்பை அளந்தபோது வெள்ளை 7200 கெல்வின் பக்கம் நின்றது. அதாவது நீலம் தூக்கல். மெனுவில் நீலத்தின் அளவைக் குறைக்க முடிந்தால் மானிட்டருக்குள் இருக்கும் மின்னணுச் சுற்று, தன்னிடம் உள்ள கூடுதல் பிட்களைக் கொண்டு அதை நயமாகச் செய்துவிடும். மெனு மறுத்தால் கிராஃபிக்ஸ் கார்டின் நிறத் திருத்த அட்டவணையில்தான் குறைக்க வேண்டும். 8 பிட் வழியாகப் போகும் நீலத்துக்கு மொத்தம் 256 படிகள். உச்சியை ஒரு பத்துப் பன்னிரண்டு சதவீதம் வெட்டினால் 225, 230 படிகள்தான் மிஞ்சும். 256 படி ஏற வேண்டிய இடத்தில் 225 படி என்றால் சில படிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். முகத்தில் தெரியாது, இலையில் தெரியாது. மேகமில்லாத வானத்தில் தெரியும்: பட்டை பட்டையாக, பாய் விரித்த மாதிரி. படத்தில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்து அதன் மேல் நுண்ணிய இரைச்சலைத் தூவி மறைத்துவிட்டு, பிரிண்டில் அந்த இரைச்சலைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டவன் நான். படத்தில் பட்டை இல்லவே இல்லை. என் திரையில்தான் இருந்தது.

இதற்கு மருந்தும் உங்களிடமே இருக்கிறது என்பதுதான் வேடிக்கை. உயர்ரக மானிட்டர்களில் 14 பிட், 16 பிட் அட்டவணையைத் திரைக்குள்ளேயே வைத்து, கேலிபரேஷனை அங்கேயே எழுதிவைக்கிறீர்கள். கணினியை மாற்றினாலும் திருத்தம் திரையோடு வரும். அருமையான ஏற்பாடு. ஆனால் அந்த அட்டவணைக்குள் எழுதப் பெரும்பாலும் உங்கள் மென்பொருளுக்கு மட்டும்தான் அனுமதி. அந்த மென்பொருள் எந்தக் கலரிமீட்டரை ஏற்கும் என்பதற்கு ஒரு பட்டியல் வைத்திருக்கிறீர்கள். என்னிடம் இருப்பது அதில் இருக்காது. இருந்தாலும், இயங்குதளத்தின் அடுத்த பதிப்பு வந்ததும் மென்பொருள் திறக்காது. உதவி கேட்டு எழுதினால், அந்த மாடலுக்கு ஆதரவு முடிந்துவிட்டது என்று மரியாதையாகப் பதில் வருகிறது. பேனல் நன்றாக இருக்கிறது, பேக்லைட் நன்றாக இருக்கிறது, உள்ளே 14 பிட் அட்டவணை தூசு படியாமல் சும்மா இருக்கிறது. சாவியை மட்டும் நீங்கள் கிணற்றில் போட்டுவிட்டீர்கள்.

அந்த அட்டவணையில் எழுதும் வழிமுறையை ஒரு ஆவணமாக வெளியிடுங்கள். மீதியை மற்றவர்கள் பார்த்துக்கொள்வார்கள். வெறும் நம்பிக்கையில் இதைச் சொல்லவில்லை. கிரேம் கில் எழுதிய ஆர்கில் சிஎம்எஸ் என்ற திறமூல மென்பொருள், பெட்டியோடு வந்த மென்பொருள் கைவிட்ட கலரிமீட்டர்கள் பலவற்றை இன்றும் ஓட்டிக்கொண்டிருக்கிறது. அதற்கு முகப்பாக ஃப்ளோரியான் ஹோஹ் எழுதிய டிஸ்ப்ளேகேல், பைத்தான் 2 காலாவதியானபோது நின்றுபோகப் பார்த்தது. வேறு சிலர் எடுத்து பைத்தான் 3-க்கு மாற்றி உயிரோடு வைத்திருக்கிறார்கள். வழியைத் திறந்து வைத்தால் ஆட்கள் வருகிறார்கள்.

அடுத்தது பேக்லைட். இது கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கலரிமீட்டர் என்பது மூன்று வடிகட்டிகளுக்குப் பின்னால் வைத்த ஒளி உணரி, அவ்வளவுதான். அந்த வடிகட்டிகள் மனிதக் கண்ணைப் போல ஒளியைப் பிரிக்க வேண்டும். மனிதக் கண் என்றால் எந்த மனிதரின் கண்? 1920-களில் ரைட் என்பவர் 10 பேரையும் கில்ட் என்பவர் 7 பேரையும் உட்கார வைத்து நிறங்களைப் பொருத்தச் சொன்னார்கள். அந்த 17 பேரின் கண்களைக் கொண்டு 1931-இல் சிஐஇ என்ற சர்வதேச ஒளியியல் ஆணையம் ‘சராசரிப் பார்வையாளர்’ ஒருவரை உருவாக்கியது. இன்றைக்கு உங்கள் ஆலையில் ஓடும் கருவியும் என் மேசையில் கிடக்கும் கருவியும் அந்த ஆளின் கண்ணைத்தான் பின்பற்றுகின்றன. விலை குறைந்த வடிகட்டிகள் அவரை அச்சுப் பிசகாமல் பின்பற்றுவதில்லை. எங்கே பிசகும் என்பது, அளக்கப்படும் ஒளியில் எந்த அலைநீளம் எவ்வளவு இருக்கிறது என்பதைப் பொறுத்தது. நீல எல்இடிமேல் மஞ்சள் பாஸ்பர் என்ற ஒளிரும் பொருளைப் பூசிய சாதாரண வெள்ளை பேக்லைட்டுக்கு ஒரு திருத்தம் வேண்டும். சிவப்பு, பச்சை பாஸ்பர் கலந்ததற்கு வேறு. குவாண்டம் டாட் என்றால் வேறு. ஓஎல்இடி முற்றிலும் வேறு. எனவே மென்பொருள் முதல் கேள்வியாக ‘உங்கள் திரை எந்த வகை?’ என்று கேட்கிறது.

எனக்கு எப்படித் தெரியும்? பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ‘துடிப்பான நிறங்கள்’ என்று எழுதியிருக்கிறது. ‘உயிரோட்டமான அனுபவம்’ என்று எழுதியிருக்கிறது. கையேட்டில் மின்சார வயரைத் தண்ணீரில் போடாதே என்று இருக்கிறது. பேக்லைட்டில் என்ன பாஸ்பர் என்று எங்கும் இல்லை. ஊகித்துத் தேர்ந்தெடுக்கிறோம். தவறாக ஊகித்தால் கருவி தயங்காமல் ஒரு தவறான வெள்ளையைச் சரி என்று சொல்லும். திரை லேசாகப் பச்சையோ இளஞ்சிவப்போ அடிக்கும். நாமும் பணம் போட்டு வாங்கிய கருவி சொல்கிறதே என்று கண்ணைச் சந்தேகப்படுவோம். ‘கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்’ என்பார்கள். தீர விசாரிக்கப் போன இடத்தில் விசாரணை அதிகாரிக்கே பாதி விவரம்தான் கொடுத்திருக்கிறீர்கள். ஒளியை அலைநீளம் அலைநீளமாகப் பிரித்து அளக்கும் ஸ்பெக்ட்ரோமீட்டர் வைத்திருக்கும் சில புண்ணியவான்கள் தங்கள் திரைகளை அளந்து திருத்தக் கோப்புகளை மற்றவர்களுக்குப் பகிர்கிறார்கள். உங்கள் ஆய்வகத்தில் ஒவ்வொரு மாடலுக்கும் அந்த நிறமாலை அளவீடு நிச்சயம் இருக்கும். ஒரு சின்ன உரைக் கோப்பு. மாடலின் பக்கத்தில், டிரைவர் இருக்கும் இடத்துக்குக் கீழே போட்டுவைத்தால் போதும்.

பெட்டியின் மேல் இருக்கும் எண்களைப் பற்றி அதிகம் பேசப் போவதில்லை. பேசிப் பேசி அலுத்துவிட்டது. 1953-இல் அமெரிக்கத் தொலைக்காட்சிக்கு எழுதிய என்டிஎஸ்சி எல்லையில் 72 சதவீதம் என்று போடுகிறீர்கள். அது பரப்பளவில் ஏறத்தாழ எஸ்ஆர்ஜிபிக்குச் சமம் என்று தெரிந்தவருக்குத்தான் தெரியும். 45 சதவீதம் என்று போட்ட மடிக்கணினித் திரையில் சிவப்பு செங்கல் நிறத்தில் வரும் என்பது வாங்கிய பிறகு தெரியும். ‘எஸ்ஆர்ஜிபியில் 125 சதவீதம்’ என்பது பரப்பளவு மட்டுமே. அதை வைத்து எஸ்ஆர்ஜிபி முழுவதும் அதற்குள் அடங்குகிறதா என்று சொல்லிவிட முடியாது. வீட்டுப் பரப்பு பெரிது என்பதால் பக்கத்து மனையும் அதற்குள் வந்துவிடுமா? கோடிக்கு ஒன்று என்ற டைனமிக் கான்ட்ராஸ்ட் எண்ணை யார் நம்புகிறார்கள் என்று எனக்குத் தெரியவில்லை; ஐபிஎஸ் வகையைச் சேர்ந்த சாதாரணப் பேனலின் உண்மையான கான்ட்ராஸ்ட் ஆயிரத்துக்கு ஒன்று பக்கம். 6 பிட் பேனலை வேகமாக மினுக்கவிட்டு 1 கோடியே 67 லட்சம் நிறம் என்று கணக்குக் காட்டுவதும் பழைய கதை. போகட்டும்.

பெட்டிக்குள் மடித்துவைத்திருந்த அறிக்கை மட்டும் எனக்குப் பிடித்தது. உண்மையாகத்தான் சொல்கிறேன். என் திரையின் வரிசை எண்ணோடு ஒரு தாள்: ‘சராசரி டெல்டா ஈ 2-க்குக் கீழே.’ டெல்டா ஈ என்பது, இருக்க வேண்டிய நிறத்துக்கும் இருக்கிற நிறத்துக்கும் உள்ள தூரம். சிறியதாக இருக்க இருக்க நல்லது. ஆனால் அது எந்தச் சூத்திரம், 1976-இன் சூத்திரமா 2000-த்தின் சூத்திரமா? ஒரே பிழையை இரண்டும் வெவ்வேறு எண்ணாகக் காட்டும். சராசரி 2-க்குக் கீழே என்றால் ஆக மோசமான கட்டம் எவ்வளவு? ஆற்றின் சராசரி ஆழம் முழங்கால் அளவு என்று சொல்லி இறக்கிவிடும் பேச்சு மாதிரி இருக்கிறது. எந்த மோடில் அளந்தது, எவ்வளவு வெளிச்சத்தில் அளந்தது, நடுவில் மட்டுமா, மூலைகளிலுமா? நான் அளந்து பார்த்தேன். நடுவில் உங்கள் தாள் சொன்னது சரி, பாராட்டுகிறேன். வலது கீழ் மூலையில் வெளிச்சம் 15 சதவீதம் குறைவு, வெள்ளையில் லேசான மஞ்சள். அதனால் திருத்தும் படத்தை எப்போதும் நடுவில் வைத்து, கருவிப் பட்டைகளை ஓரத்துக்குத் தள்ளிவைத்து வேலை செய்யப் பழகிவிட்டேன். அந்த மூலையின் எண்ணையும் அதே தாளில் அச்சடித்திருந்தால் உங்கள் மேல் மதிப்புக் கூடியிருக்கும், குறைந்திருக்காது.

எங்கள் மேலும் தப்பு இருக்கிறது, மறைக்கவில்லை. கலரிமீட்டரை வாங்கி ஒரே ஒரு தடவை ஓட்டிவிட்டு இழுப்பறையில் போட்டு இரண்டு வருடம் மறந்துபோகிறவர்கள் எங்களில் நிறைய. பேக்லைட் நாளாக ஆக மங்கும், நிறம் நகரும் என்று படித்திருப்போம். ஆனாலும் எடுக்க மாட்டோம். இரவில் திரையை மஞ்சளாக்கும் வசதியை அணைக்க மறந்துவிட்டு நடு இரவில் முகங்களின் நிறத்தைத் திருத்தி, காலையில் எல்லாரும் நீலம் பாரித்துக் கிடப்பதைப் பார்த்திருக்கிறோம். ஆரஞ்சு நிறச் சுவருக்கு முன்னால் திரையை வைத்துக்கொண்டு வெள்ளைச் சமநிலை பற்றி வாதாடுகிறவர்களையும் எனக்குத் தெரியும். நானே ஒரு சமயம் பளபளப்புத் திரைக்கு முன்னால் சிவப்புச் சட்டையோடு உட்கார்ந்து, நிழலில் ஏன் சிவப்பு வருகிறது என்று அரை மணி நேரம் தேடியிருக்கிறேன். கண் எதற்கும் பழகிவிடும். பத்து நிமிடம் பார்த்தால் நீல வெள்ளையும் வெள்ளைதான், மஞ்சள் வெள்ளையும் வெள்ளைதான். அந்தக் கண்ணை நம்ப முடியாது என்று தெரிந்துதானே கருவி வாங்குகிறோம்.

உங்களில் சிலர் சொல்லப்போவதும் தெரியும்: ‘எப்படியும் எல்லாரும் கைபேசியில்தான் பார்க்கிறார்கள். ஒவ்வொரு கைபேசியும் ஒவ்வொரு மாதிரி. நீங்கள் மட்டும் சரியாக வைத்து என்ன ஆகப் போகிறது?’ அதனால்தான் சரியாக வைக்க வேண்டும். பார்ப்பவர்களின் திரைகள் சிலது நீலத்துக்குச் சாயும், சிலது மஞ்சளுக்கு. சிலது இருட்டு, சிலது வெளிச்சம். படம் நடுவில் இருந்தால் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் கொஞ்சம்தான் கெடும். நான் ஏற்கெனவே நீலம் தூக்கிய திரையில் அதை ஈடுகட்ட மஞ்சளை ஏற்றியிருந்தால், மஞ்சளுக்குச் சாயும் திரையில் அது காமாலையாக வரும். இன்னொன்றும் சொல்ல வேண்டும்: கைபேசிகள் சிலவற்றில் ‘இயல்பு நிறம்’ என்ற அமைப்பைப் போட்டால், என் மேசைத் திரை பெட்டியிலிருந்து வந்த நாளில் காட்டியதைவிட நேர்மையாகவே நிறத்தைக் காட்டுகின்றன. அந்த அமைப்பில் பிரைட்னஸை யாரும் பூட்டுவதும் இல்லை.

பெட்டியிலிருந்து எடுத்ததும் மானிட்டர் கண்ணைப் பறிக்க வேண்டும், கடையில் பத்துத் திரைக்கு நடுவில் தனித்துத் தெரிய வேண்டும் என்ற உங்கள் கஷ்டம் எனக்குப் புரிகிறது. அந்தத் ‘துடிப்பு’ மோடை முதலிலேயே வைத்துக்கொள்ளுங்கள். நான் அதை மாற்றிக்கொள்வேன், எனக்கு அரை நிமிட வேலை. சரியான நிறத்தை ஆலையிலேயே செய்து கொடுங்கள் என்றுகூடக் கேட்கவில்லை. அளந்து சரிசெய்துகொள்ள எங்களுக்குத் தெரியும்.

இப்போதைக்கு அந்த மானிட்டரை ‘யூசர்’ மோடில் வைத்து, 110 கேண்டெலாவுக்கு இறக்கி, சிவப்பு பச்சை நீலத்தைத் திருகி, அகன்ற நிற எல்லையோடு ஒரு புரொஃபைல் எடுத்து வேலை செய்துகொண்டிருக்கிறேன். எடிட்டிங் மென்பொருளுக்குள் எல்லாம் சரி. வெளியே வந்து ஃபோல்டரைத் திறந்தால் ஒவ்வொரு சிறு படத்திலும் அந்தச் செம்பருத்தி முகங்கள் வரிசையாக நின்று என்னைப் பார்க்கின்றன. எஸ்ஆர்ஜிபி மோடில் அந்த ஒரு வரி திறந்திருந்தால் என் வேலைகளில் இரண்டு மூன்றுக்கு ஒன்றையாவது அங்கேயே முடித்திருப்பேன்.

இதற்குப் புதுப் பேனல் வேண்டாம், புதுச் சில்லு வேண்டாம். ஒரு ஃபர்ம்வேர் அப்டேட் போதும். மானிட்டரின் பின்பக்கம், மின்சார வயர் செருகும் இடத்துக்குப் பக்கத்தில் ‘சர்வீஸ்’ என்று எழுதிய ஒரு யூஎஸ்பி துளை இருக்கிறது. டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் திரைக்கு முன்னால் நாளெல்லாம் உட்கார்ந்திருக்கும்
ஒரு படத் திருத்துநர்